படுக்கையறைத் துப்பாக்கி லாக்கர்: விரல் ரேகையா, பொத்தானா?

சென்னை மாநகரில் கைத்துப்பாக்கி உரிமத்தை வழங்குபவர் காவல் ஆணையர். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் கோருபவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருப்பதாக உறுதிமொழி கொடுத்தாக வேண்டும். ஆனால் உரிமம் வாங்கியபின் பெரும்பாலானவர்கள் செய்வது, பீரோவின் மேல்தட்டில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் அதைச் செருகிவிட்டுச் சாவியை வழக்கமான ஆணியிலேயே மாட்டிவைப்பதுதான். அந்த ஆணி எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தெரியும், வேலைக்கு வருபவர்களுக்கும் தெரியும். இதற்கு மாற்றாகக் கட்டிலருகே வைத்து ஓரிரு நொடிகளில் திறக்கக்கூடிய சிறு லாக்கர்கள் இப்போது இணையத்திலும் பாரிமுனைக் கடைகளிலும் கிடைக்கின்றன. என்னுடைய .32 ரிவால்வருக்காக லாக்கர்களில் மூன்று வகைகளை அலசிப் பார்த்தேன்.

முதல் வகை, ஓட்டல் அறைகளில் காணப்படும் முன்கதவு டிஜிட்டல் லாக்கர். நகைக்கும் பத்திரத்துக்கும் இது போதும். துப்பாக்கிக்குப் பொருந்தாது. எண்ணை அழுத்தி, உறுதி செய்யும் பொத்தானைத் தட்டி, குமிழைத் திருகி, குனிந்து உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டும். இருட்டில் இவ்வளவும் நடப்பதற்குள் ஒவ்வொரு பொத்தானும் எழுப்பும் கீச்சொலி அடுத்த அறையில் தூங்குபவரையும் எழுப்பிவிடும். பெட்டி பெரிதாக இருப்பதால் உள்ளே பணம், பாஸ்போர்ட், பழைய வாட்ச் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் துப்பாக்கி அவற்றுக்கு அடியில் போய்விடும் என்பதும் ஒரு குறை.

இரண்டாவது, எல்லா விளம்பரங்களும் தூக்கிப் பிடிக்கும் கைரேகை லாக்கர். "ஒரு விரல் வெச்சாப் போதும் சார், குடும்பத்துல எல்லாரோட விரலையும் ஏத்திக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னார். அவர் பெருமையாகச் சொன்ன அந்த வசதியே சட்டப்படி சிக்கலானது. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை உண்டு. மனைவியின் விரலையோ, கல்லூரிக்குப் போகும் மகனின் விரலையோ பதிவு செய்வது, உரிமமில்லாத ஒருவர் கையில் ஆயுதத்தை ஒப்படைப்பதற்கான வழியைத் திறந்துவைப்பதே ஆகும். ஆகவே பெட்டி இருபது விரல்களை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை ஒரு சிறப்பாகக் கருத வேண்டியதில்லை. உரிமக்காரரின் இரண்டு கைகளிலிருந்தும் இரண்டிரண்டு விரல்கள் பதிவாகியிருந்தால் போதும்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் விரல் ரேகை நம் ஊரில் அவ்வளவு நம்பகமானது அல்ல. சித்திரை வெயிலில் வியர்த்த விரலையும், பாத்திரம் துலக்கி ஊறிப்போன விரலையும், வயதாகி ரேகை தேய்ந்த விரலையும் மலிவான சென்சார்கள் ஏற்பதில்லை. ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவியின் முன்னால் நின்ற முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏற்க வேண்டிய விரலை மறுப்பது ஒரு தொல்லை என்றால், மறுக்க வேண்டிய விரலை ஏற்பது ஆபத்து. 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ஃபோர்ட்ரெஸ் நிறுவனத்தின் கைரேகைப் பெட்டிகள் சுமார் 61,000ஐத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பதிவு முறையாக முடியாத நிலையில் அவை எந்த விரல் பட்டாலும் திறந்துகொண்டன. உரிமையாளரோ தம் விரல் பதிவாகிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தார். ஆகவே கைரேகைப் பெட்டியை வாங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தம் விரலைப் பதிவு செய்தபின், பதிவாகாத வேறொருவரின் விரலை வைத்துப் பார்ப்பதுதான். இந்தச் சோதனையைப் பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்வது நல்லது.

பூட்டை இயக்கும் உறுப்பையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த பெட்டிகளில் சொலினாய்டு என்னும் சிறு மின்காந்தக் கம்பி மட்டுமே தாழ்ப்பாளைத் தடுத்து நிற்கிறது; ஒரு ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. பெட்டியின் தலையில் ஓங்கித் தட்டினால் அந்தக் கம்பி ஒரு கணம் துள்ளிப் பின்வாங்கும். கடையிலேயே அனுமதி கேட்டு, ஒரு கையால் குமிழைத் திருப்பியபடி மறு கையால் மேல்தகட்டில் குத்தினேன். எண்ணும் இல்லாமல் விரலும் இல்லாமல் கதவு திறந்துகொண்டது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அந்தப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மோட்டாரால் தாழ்ப்பாளை நகர்த்தும் வேறொன்றைக் காட்டினார். அதை எவ்வளவு குத்தியும் அசையவில்லை. வெளியே தெரியும் உருளைச் சாவித் துவாரத்தையும் கவனியுங்கள். உள்ளே எவ்வளவு மின்னணு இருந்தாலும், வட்டக்குழாய் வடிவ மலிவான சாவிப் பூட்டு ஒன்று முன்னால் இருந்தால் பெட்டியின் வலிமை அந்தப் பூட்டின் வலிமைதான்.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நம் ஊர்க் கடைகளில் நான் தேடியவரை கிடைக்கவில்லை. பேட்டரியே இல்லாமல், ஐந்து இயந்திரப் பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்தித் திறக்கும் சிம்ப்ளெக்ஸ் பூட்டு அது. அமெரிக்காவின் ஃபோர்ட் நாக்ஸ் நிறுவனத்தின் கைத்துப்பாக்கிப் பெட்டிகளில் இந்தப் பூட்டைத்தான் பொருத்துகிறார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப்பின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த நகரத்துக்கு, யு.எஸ்.பி. கம்பியில் சார்ஜ் ஏற்றச் சொல்லும் பெட்டியைவிட இது எவ்வளவோ மேல். இறக்குமதி செய்ய முனைபவர்கள், போக்குவரத்துச் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் என்ன விலை வரும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்த வகையானாலும், திருகி இறுக்கப்படாத பெட்டி பாதுகாப்பு ஆகாது. நான்கைந்து கிலோ எடையுள்ள பெட்டியைத் திருடன் அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். பிறகு சாவகாசமாக உடைக்கலாம். பழைய வீடுகளின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். புதிய அடுக்ககங்களில் பல உட்சுவர்கள் இலகு கான்கிரீட் கற்களால் ஆனவை. அவற்றில் சாதாரண போல்ட்டை முறுக்கினால் கல் பொடிந்து போல்ட் கையோடு வந்துவிடும். பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் அங்கே நிற்கும். என் வீட்டில் சுவரைத் தவிர்த்துவிட்டு, கட்டிலோடு ஒட்டிய கனமான தேக்கு அலமாரியின் அடித்தட்டில், மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து நான்கு போல்ட் முடுக்கச் சொன்னேன். தச்சர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். வாடகை வீட்டில் துளையிட முடியாதவர்களுக்கு இரும்புக் கட்டிலின் காலைச் சுற்றிக் கட்டும் எஃகு வடம் கிடைக்கிறது. ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான்.

விற்பனையாளர் எவரும் வாய் திறக்காத ஒரு விஷயம் துரு. இந்தப் பெட்டிகளின் உட்புறம் முழுக்க ஒட்டப்பட்டிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சு, ஐப்பசி மழையின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பும் அதனுடன் சேரும். இரவு முழுக்க ஏ.சி. ஓடிக் குளிர்ந்த உலோகத்தின்மேல், காலையில் ஜன்னலைத் திறந்ததும் நீர் படிவதும் உண்டு. ஸ்பாஞ்சின்மேல் துப்பாக்கியை நேராகக் கிடத்தாமல், மெல்லிய எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஒன்றை விரித்து வைப்பதும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுவதும் போதுமானவை. தோல் உறையில் போட்டுப் பூட்டிவைக்கவே கூடாது. தோலில் தங்கும் ஈரமும் பதனிடும் வேதிப்பொருளும் இரும்பை அரிக்கும்.

இறுதியில் நான் வாங்கியது, மோட்டார் தாழ்ப்பாளும் தடவிப் பார்த்தே அடையாளம் காணக்கூடிய நான்கு பெரிய பொத்தான்களும் கொண்ட, முன்மூடி கீழ்நோக்கிச் சாயும் சிறு பெட்டி. கான்பூர்த் தயாரிப்பான .32 ரிவால்வர் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளம். பெட்டிக்குள் அது கைப்பிடி வாசலை நோக்கியபடி சாய்வாக அமர்கிறது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு திறக்க முடிகிறது. குறைகளும் இல்லாமல் இல்லை. மூடி சாயும்போது எழும் உலோகச் சத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகம். தகடு ஒன்றரை மில்லிமீட்டர்தான் என்பதால் கடப்பாரையோடு வருபவனை அது நிறுத்தாது. கூடவே வந்த பேட்டரிகள் கசியும் ரகம் என்பதால் உடனே தூக்கி எறிந்துவிட்டு ஆல்கலைன் பேட்டரிகளைப் போட்டேன். குழந்தையின் கையிலிருந்தும் வீட்டுக்கு வந்துபோகிறவர்களின் ஆர்வத்திலிருந்தும் துப்பாக்கியைத் தள்ளி வைப்பதுதான் இதன் வேலை என்று எடுத்துக்கொண்டால், கொடுத்த காசுக்குக் குறையில்லை.

மாற்றுச் சாவியை அதே அறையில் வைக்காதீர்கள்; வங்கி லாக்கரில் வையுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டி வரும் வாரங்களில் பெட்டி காலியாகத்தான் இருக்கும். பேட்டரியை மாற்றவும், ஸ்பாஞ்சை வெயிலில் காயவைக்கவும், எண்ணைப் புதிதாக அமைக்கவும் அதைவிட வசதியான நேரம் கிடைக்காது.