ஸ்ட்ரிப் முறையில் முடி நடப் போகிறீர்களா? என் 585,000 ரூபாய் போன விதத்தை முதலில் வாசியுங்கள்

நேற்றுப் பின்னேரம் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன், இரவு முழுக்க நித்திரை இல்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. வழக்கு அது இது என்று அலைய எனக்கு வசதி இல்லை. கொழும்பில் பெரிய வீதியோரமாக, ஏசி போட்டு, வாசலில் செய்ய முதல், செய்த பிறகு என்று படங்கள் ஒட்டி, தோலுக்கும் தலைமயிருக்கும் வைத்தியம் செய்கிற ஓர் இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இடங்கள் இப்போது நிறைய. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 42 வயது. 24இல் கொட்டத் தொடங்கியது. இப்போது காதுக்கு மேலும் பிடரியிலும் லாடம் போல ஒரு பட்டி மட்டும் மிச்சம். நோர்வூட் அட்டவணை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், வழுக்கையை ஏழு கட்டமாகப் பிரித்து. அதில் நான் ஆறு. இவ்வளவு காலமும் அதைப் பற்றிப் பெரிதாக யோசித்தவனில்லை. போன வருடத்துக்கு முதல் வருடம் மகளின் சாமத்திய வீட்டில் படம் எடுத்த பெடியன், "அங்கிள், லைட் உங்கட தலையில பட்டு அடிக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றான். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அல்பத்தில் பாதிப் படங்களில் நான் விளிம்பில்தான் நிற்கிறேன்.

காசு இப்படிச் சேர்ந்தது: ரொறன்ரோவிலிருந்து அண்ணா அனுப்பியது 200,000. மனைவியின் இரண்டு காப்பு அடகில் 250,000. என் சேமிப்பு 135,000. மொத்தம் 585,000.

இனி நம்பின கதை. அங்கே வரவேற்பில் சிங்களமும் ஆங்கிலமும்தான். படிவத்தை வைத்து முழித்துக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து ஒரு பிள்ளை வந்தது. நோயாளிகளை ஒழுங்குபடுத்துகிறவர் என்று சொன்னார்கள். என் பெயரைப் பார்த்ததும், "அண்ணா எந்த ஊர்?" கரவெட்டி என்றேன். "ஐயோ, எங்கட அம்மம்மா நெல்லியடி!" அவ்வளவுதான், நான் முடிந்தேன். பிளேன்ரீ வந்தது. எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோவிலடி என்று கதை போனது. நடுவில் விலையைக் கேட்டேன். ஒரு கிராப்டுக்கு, அதாவது நடுகிற ஒரு சின்ன முடிக்கொத்துக்கு, 195 ரூபாய், உங்களுக்கு 3,000 கிராப்ட், முன்நெற்றியிலிருந்து உச்சி வரை மூடலாம் என்றார். கொஞ்சம் தயங்கினேன். "அண்ணா, எங்கட ஆக்களையே நாங்கள் பேய்க்காட்டுவமா?" என்று கேட்டார். பேய்க்காட்டுவார்கள். எங்கட ஆக்களைத்தான் லேசாகப் பேய்க்காட்டலாம்.

பிறகு ஒரு வெள்ளைப் பென்சிலால் என் நெற்றியில் கோடு கீறினார். புருவத்துக்கு மேலே மூன்று விரல். கையில் ஒரு கண்ணாடியைத் தந்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அந்தக் கோட்டுக்குப் பின்னால் முடி இருக்கிற மாதிரி நானே நினைத்துப் பார்த்தேன். இருபது வயதில் ஹார்ட்லி கல்லூரி மதிலில் இருந்த என் முகம் மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால், மீதி வேலையை அந்தக் கண்ணாடி செய்துவிட்டது.

டொக்டர் ஐந்து நிமிடம் வந்தார். பின்மண்டையைக் கிள்ளிப் பார்த்தார், தோல் தளர்வாக இருக்கிறது, ஸ்ட்ரிப் உங்களுக்குச் சரி என்றார். அதில் பொய் இல்லை, முறையை நான் குறை சொல்லவில்லை. பிடரிப் பக்கத்து முடி வழுக்கைக்கு அசையாது. அதைப் பிடுங்கி முன்னால் நட்டாலும் அதன் குணம் மாறாது. இதை 1959இலேயே நியூயோர்க்கில் ஓரென்ட்ரைக் என்ற டொக்டர் எழுதிவைத்திருக்கிறார். ஸ்ட்ரிப்பில் அந்த இடத்தின் தோலை ஒரு நாடா போல வெட்டி எடுத்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று முடி உள்ள சின்னச் சின்னக் கொத்துகளாகப் பிரித்து நடுவார்கள். அந்தக் கொத்துதான் கிராப்ட். என் மாதிரி முற்றிய வழுக்கைக்கு ஒரே தடவையில் அதிகம் எடுக்க இது நல்ல வழி. ஆனால் எடுத்தால்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் போனேன். ஊசி போட முதலே 585,000 ரூபாயும் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். பற்றுச்சீட்டில் "ஹெயார் ட்ரீட்மென்ட்" என்று இரண்டு சொல், கீழே தொகை. எத்தனை கிராப்ட் என்று இல்லை. பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 15 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன் நான். ஆணியை நிறுத்து, போல்ட்டை எண்ணி, பில்லில் எழுதாமல் ஒரு வாஷர் கூட வெளியே விடமாட்டேன். அப்படிப்பட்டவன் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இதை நினைக்கத்தான் எனக்கு என்மேலேயே எரிச்சல்.

ஒன்பது மணிக்குக் குப்புறப் படுக்கவைத்து வெட்டினார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி இல்லை, இழுக்கிற மாதிரி ஓர் உணர்வு மட்டும். டொக்டர் வெட்டித் தைத்துவிட்டுப் போனவர் போனவர்தான். மேசையில் இரண்டு பிள்ளைகள் இருந்து பிரித்தார்கள். ஒருவருக்குத்தான் நுணுக்குக்காட்டி. மற்றவர் தையற்கடைகளில் இருக்கிற மாதிரி ஒரு விளக்குக் கண்ணாடியால் பார்த்து வெட்டினார். ரேடியோவில் பாட்டு. இரண்டரைக்கு நான் தலையில் கட்டுடன் ஓட்டோவில். 3,000 என்றால் நான்கைந்து பேர் நாள் முழுக்க இருந்து செய்கிற வேலை என்று பிறகுதான் அறிந்தேன். இறங்கும்போது அந்தப் பிள்ளையிடம், எண்ணினீங்களா என்று கேட்டேன். "ஓம் அண்ணா, 3,020. இருபது உங்களுக்கு ஃப்ரீ." எனக்குச் சந்தோஷம் வேறு!

அடுத்தது இழுத்தடிப்பு. மூன்று கிழமையில் நட்ட முடி எல்லாம் தலையணையில் கொட்டியது. போன் எடுத்தேன். "அது அப்படித்தான் அண்ணா, கொட்டித்தான் முளைக்கும்." உண்மை. நாலாம் மாதம் போனேன். "இப்பதானே தொடங்கும்." அதுவும் உண்மை. எட்டாம் மாதம்: "பன்னிரண்டு மாதம் பொறுக்கோணும்." அதுவும் உண்மைதான், சிலருக்குப் பதினைந்து, பதினெட்டு மாதம்கூட ஆகுமாம். இவர்களின் கெட்டித்தனம் இங்கேதான். பொய் சொல்லவே தேவையில்லை. மருத்துவத்தில் உள்ள உண்மையைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம். அதற்குள் அந்த நெல்லியடிப் பேத்தியின் நம்பர் வேலை செய்யவில்லை. கிளினிக் நம்பருக்கு வட்ஸ்அப் போட்டால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. பதினொராம் மாதம் ஒருவர் எடுத்து, நீங்கள் ஃபினாஸ்டரைட் குளிசை போடாததால்தான் என்றார். எழுதித் தந்தால்தானே போட! அதோடு அந்தக் குளிசை மிச்சமிருக்கிற முடி கொட்டாமல் காக்கத்தான். பிடரியிலிருந்து வந்த முடி முளைக்காததற்கு அது காரணமில்லை.

விஷயத்தை உடைத்தது சலூன்காரத் தம்பி. வெள்ளவத்தையில் பத்து வருடமாக அவரிடம்தான் வெட்டுகிறேன். பின்னால் மெஷின் பிடித்தவர் நிறுத்திவிட்டு, "அண்ணே, தையல் போட்ட இடம் பல்லிளிக்குதே, ஆனா ரொம்ப நீளமில்லையே" என்றார். அவருடைய அத்தானும் இப்படிச் செய்தவராம், அவருக்குக் காதிலிருந்து காது வரை கோடு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தையல் டேப்பை எடுக்கச் சொன்னேன். குசினி லைட்டுக்குக் கீழே ஸ்டூலில் குனிந்திருந்தேன். முடியை விலக்கி இரண்டு தரம் அளந்தார். ஐந்தரை அங்குலம். 14 சென்ரிமீற்றர். பென்சில் கோடு மாதிரித்தான் இருக்கும் என்று சொன்ன வடு, நடுவில் அரைச் சென்ரிமீற்றர் அகலத்துக்கு வெள்ளையாக இருக்கிறது. வெட்டின் ஒரு விளிம்பை மெல்லிசாகச் சீவிவிட்டுத் தைத்தால் வடுவுக்குள்ளாலேயே முடி முளைத்து மறைக்குமாம். அதையும் செய்வதாகத்தான் சொன்னார்கள்.

இப்போது கணக்கு. பிடரியில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 70 முதல் 80 கொத்து இருக்கும். நாடாவை வழக்கமாக ஒரு சென்ரிமீற்றர், கூடினால் ஒன்றரை அகலத்தில் எடுப்பார்கள். அவர்களுக்குச் சாதகமாகவே போடுகிறேன்: 14ஐ ஒன்றரையால் பெருக்கினால் 21. அதை 80ஆல் பெருக்கினால் 1,680. இரண்டு முனையும் கூராக முடிவதால் இன்னும் குறையும். 3,000 எங்கே, 1,680 எங்கே? 1,320 கிராப்ட் என் தலையில் இருந்து எடுக்கப்படவே இல்லை. 195 ரூபாய்ப்படி 257,400 ரூபாய். என் மனைவியின் இரண்டு காப்பும் அப்படியே அதற்குள் அடங்கிவிட்டது.

சரி, என் கணக்குத்தான் பிழையோ என்று போன கிழமை வேறோர் ஆஸ்பத்திரியில் தோல் வைத்திய நிபுணர் ஒருவரைக் காசு கட்டிப் பார்த்தேன். சின்னக் குழாய் மாதிரி ஒன்றைத் தலையில் வைத்துப் பார்த்தார். என் கணக்குக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. என் வழுக்கை ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர், 3,000 முழுதாக வந்திருந்தாலும் சதுர சென்ரிமீற்றருக்குப் பதினைந்துதான் விழும், அதில் தலை முழுக்க மூடும் என்று யாரும் சொல்லியிருக்கக்கூடாது என்றார். இந்தக் கட்டத்தில் முன்பக்கத்தை மட்டும் அடர்த்தியாக்கி உச்சியை விடுவதுதான் புத்தி. கோட்டையும் இவ்வளவு கீழே இறக்கியிருக்கக்கூடாது. பிடரியில் இருப்பு குறைவு, பார்த்துச் செலவழிக்க வேண்டிய சாமான் என்றார். எனக்கு விளங்குகிற பாஷை.

அதைக் கேட்டுக்கொண்டுதான் நேற்று முடி நட்ட இடத்துக்குத் திரும்பப் போனேன். புது முகம் வரவேற்பில். ஒன்றரை மணித்தியாலம் இருத்தினார்கள். கிராப்ட் எண்ணின தாளைத் தாருங்கள் என்றேன். "சிஸ்டம் மாறிட்டு சேர்." வெட்டின டொக்டர்? "அவர் இப்ப இங்க வாறேல்ல." ஊசி போட்டு மயக்கமாக இருந்த காலையில் நான் கையெழுத்து வைத்த தாள் மட்டும் உடனே கிடைத்தது. பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைசியில் மனேஜர் என்ற ஒரு பெடியன் வந்து என் தலையைத் தூர நின்று பார்த்துவிட்டு, "அங்கிள், உங்கட வயசுக்கு இது நல்ல ரிசல்ட்" என்றான். வேண்டுமானால் பிஆர்பி ஆறு தடவை செய்யலாமாம், என் இரத்தத்தையே எடுத்துச் சுற்றி எனக்கே ஏற்றுவது, கழிவு போக 120,000. 585,000 விழுங்கினது காணாதாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் தொடங்கினேன். விடிந்துவிட்டது, கடைக்கு 101 பஸ் பிடிக்க வேண்டும். அதனால் சுருக்கமாக: கிராப்ட் எண்ணிக்கை எழுத்தில் இல்லாமல் ஒரு சதம் கொடுக்காதீர்கள், முழுக் காசையும் முன்கூட்டிக் கொடுக்கவே வேண்டாம். வெட்டப்போகிறவரின் பெயரைக் கேட்டு இலங்கை மருத்துவ சபைப் பதிவில் பாருங்கள், வந்து கிள்ளிப் பார்க்கிறவரின் பெயரை அல்ல. இடம் 2006ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்ததா என்று கேளுங்கள். எத்தனை நீளம், எத்தனை அகலம் வெட்டுவீர்கள் என்று கேட்டு நீங்களே பெருக்குங்கள். நோர்வூட் ஆறுக்குத் தலை முழுக்கத் தருகிறேன் என்றால் எழும்பி வாருங்கள். ஊர் எது என்று கேட்டால் ஊரைச் சொல்லிவிட்டு விலையை இன்னொரு தரம் கேளுங்கள். நான் இன்றைக்கு மத்தியானம் 1977 என்ற நம்பருக்கு, நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு, எடுக்கப்போகிறேன். மருத்துவ சபைக்கும் கடிதம் போடுவேன். என்ன நடந்தது என்று வந்து எழுதுகிறேன்.

அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நேற்றிரவும் வீடியோ கோலில், "எங்க, குனிஞ்சு காட்டு பாப்பம்" என்றார். இங்கே லைட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.