விக்கிப்பீடியாவின் நீக்கல் விவாதம்: ஐந்துக்கு மூன்றரை

முப்பத்தோரு ஆண்டுகள் மலேசியத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பெயர் ஏற்றுவதும் அடிப்பதும்தான் பிழைப்பு. ஆங்கில விக்கிப்பீடியாவில் நான் எழுதிய கட்டுரையின் தலையில் ‘நீக்கலாமா?’ என்ற அறிவிப்பு ஏறியபோது, இவர்கள் எப்படித்தான் பெயர் அடிக்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

கட்டுரை எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலைப் பற்றியது. லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துச் செம்பனை நட்ட பிறகு அங்கே மிஞ்சியிருப்பது அந்தக் கோயில் ஒன்றுதான்.

விவாதம் ஏழு நாள் நடக்கும். வைத்துக்கொள்ளலாம், நீக்கலாம் என்று யாரும் எழுதலாம்; காரணம் சொல்ல வேண்டும். முடித்துவைப்பவர் தலைகளை எண்ணுவதில்லை, வாதத்தைத்தான் எடைபோடுகிறார். இது தெரியாமல் தம்பி, மருமகன், கோயில் பொருளாளர் என மூவரைப் பிடித்து ‘வைத்துக்கொள்ளலாம்’ என்று எழுதவைத்தேன். சங்கத் தேர்தல் பழக்கம் விடுமா? மூவரின் பெயருக்கும் கீழே, ‘இவர் இந்த விவாதத்தைத் தவிர வேறெங்கும் எழுதியதில்லை’ என்று சின்ன எழுத்தில் ஒருவர் குறித்துவிட்டுப் போனார். கூசிப்போனேன்.

அடுத்து, கும்பாபிஷேக மலரைச் சான்றாகக் காட்டினேன். கோயில் தானே போட்ட மலர் கோயிலுக்குச் சாட்சியாகாது. தொடர்பில்லாத ஒருவர் விரிவாக எழுதி, நம்பகமான இடத்தில் வெளிவந்திருக்க வேண்டும் என்றார்கள். மலரை மறுபடி புரட்டினேன். முதல் பாதி பொன்னாடைப் படங்கள், மறுபாதி நகைக்கடை விளம்பரங்கள். என்ன பதில் சொல்வது? எட்டாம் நாள் கட்டுரை போய்விட்டது.

போனதும் அழிந்துவிடவில்லை. நிர்வாகிகளுக்குப் பழைய பதிவுகள் தெரியும். கேட்டேன், திருத்தி எழுத வரைவாகத் திருப்பித் தந்தார்கள். செக்ரோலில் நான் அடித்த எவருக்கும் இந்தச் சலுகை கிடைத்ததில்லை.

ஒன்றரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் உண்டு. பேச்சு முழுவதும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள். புதியவன் திகைத்து நிற்பான். இன்னொன்று ஆறவே மாட்டேன் என்கிறது. 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் அதையொட்டித்தான் வந்தது. அதைப் பற்றி நாளிதழும் நூலும் குவிந்து கிடக்கின்றன. அதைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையை யாரும் அசைக்க முடியாது. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்கள் கும்பிட்ட சாமியைப் பார்க்க எந்த நிருபர் வந்தார்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். காகிதம்தான் துரை பங்களாவோடு நின்றுவிட்டது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் எங்கள் ஆட்களைப் பற்றி எழுதியது. அதுவும் 2019இல் நின்றுபோயிற்று. பழைய இதழைத் தேடிக் கோலாலம்பூர் போய்வர ஏழு நாள் எப்படிப் போதும்?

சென்ற வாரம் பழைய பூசாரியின் மனைவி, சாமி படச் சட்டத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த செய்தி நறுக்கு ஒன்றை எடுத்து வந்தார். திருவிழாச் செய்தி, நான்கு பத்தி, கோயிலின் பெயர் தெளிவாக இருக்கிறது. தேதி அச்சான மூலையைத்தான் கரையான் தின்றிருக்கிறது.