மாமாவின் கொலுசுப் பட்டறையில் ஆர்க்பார்ஸ்: மூன்று வருட அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியை எடை போட்டு ஆட்களிடம் கொடுக்கணும், கொலுசாகத் திரும்பி வந்ததும் எடை பார்த்து சேதாரம் கழிக்கணும், சனிக்கிழமை கூலி போடணும். இதற்காக நான் பைத்தான் மொழியில் எழுதிய நிரல் மூன்று வருடமாக அவருடைய உபுண்டு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கட்டளையை டைப் அடித்துத்தான் இயக்கணும்; அடித்ததைப் பிரித்துப் படிப்பது பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸ் (argparse) நூலகம்.

ஆரம்பத்தில் எல்லா ஆப்ஷனும் ஒரே பார்சரில் (அடித்ததைப் பிரித்துப் படிக்கும் பகுதி) கிடந்தன. ஒருநாள் வெள்ளி கொடுக்கும்போதே யாரோ சேதாரத்தையும் சேர்த்து அடித்துவிட, நிரல் மறுபேச்சில்லாமல் கழித்துவிட்டது. 500 கிராம் கொடுத்த இடத்தில் 485 என்று பதிவு.

அதற்கப்புறம்தான் ஒவ்வொரு கட்டளைக்கும் தனித் துணைப் பார்சர் வைக்க உதவும் 'ஆட்_சப்பார்சர்ஸ்' (add_subparsers) பக்கம் போனேன். 'குடு', 'வாங்கு', 'கூலி' என்று மூன்று துணைக் கட்டளைகள். பெயரெல்லாம் தமிழிலேயே; பைத்தான் 3 முகம் சுளிக்கவில்லை. '--சேதாரம்' இப்போது 'வாங்கு'வுக்கு மட்டும் சொந்தம். 'குடு'வோடு அடித்தால் பதிவு ஏறாது, பிழை காட்டி நின்றுவிடும்.

மாமா முதல் நாளே கட்டளை எதுவும் தராமல் என்டரைத் தட்டினார். வந்தது அட்ரிபியூட் எரர், நிரல் தேடிய பெயர் இல்லை என்ற பிழை. பைத்தான் 3-ல் துணைக் கட்டளை தானாகக் கட்டாயமாகிவிடாது; 'ரிக்வயர்டு' என்று நாம்தான் சொல்லணும் (3.7 முதல் நேரடியாகவே சொல்லலாம்). கூடவே 'டெஸ்ட்' (dest, அடித்த கட்டளையைச் சேமிக்கும் இடம்) பெயரும் வைத்துவிடுங்கள். என்னுடைய 3.8-ல் அது இல்லாமல், பிழைச் செய்தியை அச்சிடப் போன இடத்திலேயே ஆர்க்பார்ஸ் தடுக்கி விழுந்தது.

என்னை உண்மையிலேயே படுத்தியது '--தேதி'. எங்கே அடித்தாலும் ஏற்கட்டுமே என்று முதன்மைப் பார்சரிலும் துணைப் பார்சர்களிலும் வைத்தேன், கொடுக்காவிட்டால் இன்றைய தேதி.

"மாப்ள, நேத்து வரவு இன்னைக்குத் தேதியில ஏறியிருக்கு பாரு!"

மாமா தேதியை 'வாங்கு'வுக்கு முன்னால் அடித்திருக்கிறார். அதை முதன்மைப் பார்சர் வாங்கி வைத்ததும் உண்மை. பின்னால் வந்த துணைப் பார்சர் தன்னுடைய இன்றைய தேதியை அதன் மேலேயே எழுதிவிட்டது. பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. இரண்டு நாள் தேடினேன். முதன்மையிலிருந்து அந்த ஆப்ஷனை எடுத்ததும் தீர்ந்தது. இரண்டிலும் வேண்டுமென்றால் துணைப் பார்சரில் டிஃபால்ட்டாக 'சப்ரெஸ்' (SUPPRESS, ஆப்ஷன் தராவிட்டால் எதையும் எழுதாதே என்று அர்த்தம்) கொடுக்கலாம்.

இன்னும் தீராத ஒன்று, உதவித் திரையின் கோணல். 'வாங்கு' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, ஆர்க்பார்ஸ் கணக்கில் ஆறு. காலும் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி. அதனால் விளக்கங்கள் வரிசையில் நிற்காது. மாமா அந்தத் திரையைத் திறப்பதே இல்லை. மூன்று கட்டளையையும் அட்டையில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.