மலிவு மின்சாதனம்: விளம்பர லிங்க்கா, பெரிய தளமா, ரிச்சி தெருவா, ஷோரூமா?

499 ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ். 799-க்கு 50,000 எம்ஏஎச் பவர் பேங்க். 1,299-க்கு 'எல்லா சேனலும் வாழ்நாள் முழுக்க இலவசம்' என்று ஒரு டிவி பாக்ஸ். ஆடித் தள்ளுபடி தொடங்கிப் பொங்கல் முடியும் வரைக்கும் போனைத் திறந்தால் இவைதான் கண்ணில் படுகின்றன. சென்னையில் இருப்பவருக்கு இந்த மாதிரிப் பொருள்களை வாங்க நாலு வழி உண்டு: இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் வரும் விளம்பர லிங்க், அமேசான், ஃப்ளிப்கார்ட் மாதிரிப் பெரிய தளம், மின்சாதனக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு, ஏசி போட்ட ஷோரூம்.

விலையை மட்டும் பார்த்தால் விளம்பர லிங்க்தான் ஜெயிக்கும். ஜெயிப்பதற்காகவே அந்த விலையைப் போடுகிறார்கள். அதனால் விலையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே கேள்விகளோடு அலசுகிறேன். காசு போனால் யாரைப் பிடிப்பது? பொருள் ஒழுங்காக வந்து சேர்ந்தால், அது நம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு என்ன செய்யும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு. என் கணக்கில் பெரிய நஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

விளம்பர லிங்க்

இதில் அலச அதிகமில்லை. தெரிந்த பிராண்டின் லோகோ, 'இன்னும் 9 நிமிடம்தான்' என்று ஓடும் கடிகாரம், 'கடையை மூடுகிறோம்' என்ற கண்ணீர்க் கதை. பக்கத்தின் அடிவரைக்கும் போய்ப் பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 படி, ஆன்லைனில் விற்பவர் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் எல்லாவற்றையும் தளத்தில் போட்டே ஆகவேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததென்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல் ஒரு ஜிமெயிலும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் இருந்தால் அங்கேயே மூடிவிடலாம். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பூட்டு, இடையில் வேறொருவர் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். திருடனும் அதை இலவசமாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

'கேஷ் ஆன் டெலிவரிதானே, என்ன ஆகிவிடும்?' என்பது அடுத்த சமாதானம். பணம் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். பிரித்தால் ஹெட்போன் இடத்தில் இருபது ரூபாய் சாமான். டெலிவரி செய்யும் தம்பியிடம் கேட்டால், "எனக்கு எதுவும் தெரியாது சார், பணம் குடுத்தாதான் பார்சல்" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். அவருக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தமே இல்லை. லேபிளில் இருக்கும் அனுப்புநர் முகவரியும் பெரும்பாலும் ஏதாவது கூரியர் கோடவுனாக இருக்கும்.

499 ரூபாயோடு போனால் கூடப் பரவாயில்லை. பெயர், வீட்டு முகவரி, போன் எண், 'இவர் இந்த மாதிரி விளம்பரத்தைத் தொடுபவர்' என்ற தகவல் எல்லாம் சேர்ந்து போகிறது. பிறகு அஞ்சல் துறை பெயரில் 'உங்கள் முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்க்கைத் தொடவும்' என்று குறுஞ்செய்தி வரும். 'ரீஃபண்ட் தருகிறோம், க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க மேடம்' என்று போன் வரும். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் போடச் சொன்னாலே பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள்.

2016 பிப்ரவரியில் நொய்டா நிறுவனம் ஒன்று 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். முதல் நாளே இணையதளம் கூட்டம் தாங்காமல் நின்றது. உதிரிபாகங்களின் விலையே பல மடங்கு வருமே என்று செல்போன் தொழிலில் இருந்தவர்கள் அப்போதே சொன்னார்கள். அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தின் தலைவர் மோசடிப் புகாரில் கைதானார்.

பெரிய தளம்

முதல் கேள்வியில் இதுதான் முன்னணி. திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், பணம் திரும்பி வருகிறது, சில பொருள்களுக்கு நம் முன்னாலேயே பெட்டியைப் பிரித்துக் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் தளம் வேறு, விற்பவர் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. 'விற்பவர்' என்று சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். விமர்சனங்களையும் ஐந்தாறு படியுங்கள். டிவி பாக்ஸின் கீழே யாரோ செல்போன் கவரைப் புகழ்ந்திருந்தால், அந்த நட்சத்திரங்கள் வேறு பொருளுக்கு விழுந்தவை.

இரண்டாவது கேள்வியில் பெரிய தளமும் தடுமாறுகிறது. 2023 ஜனவரியில், கனடாவைச் சேர்ந்த ஒருவர் அமேசானில் வாங்கிய டி95 என்ற ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸை ஆராய்ந்தார். பெட்டியிலிருந்து எடுத்தபோதே உள்ளே தீம்பொருள் (மால்வேர்) இருந்தது. படம் நன்றாகத்தான் ஓடியது. பின்னணியில் வேறு வேலையும் நடந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு, இப்படித் தீம்பொருளோடு விற்கப்படும் சாதனங்களின் வலைப்பின்னலுக்கு 'பேட்பாக்ஸ்' என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பு தன் நாட்டில் மட்டும் சுமார் 30,000 சாதனங்கள் குற்றவாளிகளின் சர்வரோடு பேசுவதைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதன் அடுத்த பதிப்பைப் பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது. ஜூலையில் கூகுள் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. சிக்கிய சாதனங்கள் 1 கோடிக்கு மேல் என்றது.

அந்தப் பாக்ஸ் என்ன செய்கிறது? வீட்டுக்காரருக்குத் தெரியாமல் திண்ணையை உள்வாடகைக்கு விடுகிறது. எங்கோ இருக்கும் ஒருவர் போலிக் கணக்கு தொடங்கவோ, விளம்பர மோசடி செய்யவோ, இன்னொரு கணினியைத் தாக்கவோ நம் வீட்டு இணைப்பைப் பயன்படுத்துகிறார். மறுமுனையில் பதிவாகும் ஐபி முகவரி, அதாவது இணைப்பின் அடையாள எண், நம்முடையது. விசாரணை என்று வந்தால் முதலில் தட்டப்படும் கதவு நம் வீட்டுக் கதவு. தீம்பொருள், சாதனத்தின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே பதிந்திருப்பதால் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி.

அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். பெயர் தெரியாத பிராண்ட். காசு கட்டிப் பார்க்க வேண்டிய சேனல்கள் எல்லாம் இலவசம் என்ற வாக்குறுதி. அமைக்கும்போது கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்வது. ஊர் பேர் தெரியாத ஆப் கடை. இதில் ஒன்று இருந்தாலே நான் தொடமாட்டேன். 'ஆண்ட்ராய்டு' என்று பெட்டியில் போட்டிருப்பது ஆண்ட்ராய்டு டிவி ஆகிவிடாது. ஆண்ட்ராய்டின் திறந்த மூல வடிவத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து ஏற்றலாம். கூகுளின் சோதனையும் சான்றும் அதற்கு இல்லை.

கேமராவுக்கும் இதே கதைதான், அது இன்னும் பழையது. 2016-இல் 'மிராய்' என்ற தீம்பொருள், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அந்த அக்டோபர் 21-இல் அவற்றை ஏவிவிட்டதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனை தாண்டித்தான் விற்பனைக்கு வர வேண்டும் என்ற விதி இருக்கிறது. பல்பு ஹோல்டரில் மாட்டும் 999 ரூபாய்க் கேமரா அந்தச் சோதனையைத் தாண்டியதா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ரிச்சி தெரு

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நரசிங்கபுரம் தெருவும் சேர்த்து, இங்கே கிடைக்காத ஒயரும் ஸ்க்ரூவும் கிடையாது. இந்தத் தெருவின் பலம் கையில் பொருள் வருவதுதான். "இங்கயே செக் பண்ணிக்கோங்க சார், வெளிய போனா பொறுப்பில்ல" என்பார்கள். கறாராகத் தோன்றினாலும், விளம்பர லிங்க் தராத சலுகை இது.

பவர் பேங்க்கைக் கையில் தூக்கினாலே பாதி உண்மை தெரிந்துவிடும். உள்ளே பெரும்பாலும் இருக்கும் உருளை லித்தியம் செல், நல்ல தரத்தில் 3,500 எம்ஏஎச் வரைதான் தாங்கும். எடை 45 முதல் 50 கிராம். 50,000 எம்ஏஎச் என்றால் குறைந்தது 15 செல் வேண்டும். செல்லே 650 கிராமுக்கு மேல். தட்டையான செல் போட்டாலும் எடையில் பெரிய வித்தியாசம் வராது. சட்டைப் பையில் போடும் அளவில் 50,000 என்று எழுதியிருந்தால் எழுதியவர் சும்மா எழுதியிருக்கிறார். எடை கனமாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், மணலைப் போட்டுக் கனம் சேர்த்தவையும் பிடிபட்டிருக்கின்றன. பவர் பேங்க், அடாப்டர் இரண்டுக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால், யார் பெயரில் பதிவு என்று காட்டும். கடை வாசலிலேயே பார்த்துவிடலாம்.

பென் டிரைவில் மட்டும் கையில் பிடித்துப் பார்ப்பது உதவாது. 2 டிபி என்று கணினியில் காட்டும். உள்ளே 32 ஜிபி சிப் இருக்கும். அந்தச் சிப்பை இயக்கும் கன்ட்ரோலர் பொய் சொல்லும்படி எழுதப்பட்டிருக்கும். அளவு தாண்டியதும் பழைய கோப்பின் மேலேயே எழுதும், அல்லது எழுதியதாக நடிக்கும். கல்யாண வீடியோவை ஏற்றி மூன்று மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் முழுக்க எழுதிப் படித்துக் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பல மணி நேரம் ஆகும், கவுன்ட்டரில் நின்று செய்ய முடியாது.

டிவி பாக்ஸ் விஷயத்தில் ரிச்சி தெருவுக்கும் இணையத்துக்கும் வித்தியாசமே இல்லை. அதே பெட்டிகள்தான் இங்கேயும் அடுக்கியிருக்கின்றன. கடைக்காரர் நல்லவராகவே இருந்தாலும், ஃபர்ம்வேரில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. கடற்கரை ஸ்டேஷன் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் போட்ட கடைகளால் பெயர் பெற்ற பர்மா பஜாருக்கும் இதே தீர்ப்பு. பழைய போன் வாங்குவதாக இருந்தால் *#06# போட்டு வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

ஷோரூம்

விலை கூட, பேரம் கிடையாது, கூடவே நீட்டிப்பு வாரண்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இருந்தாலும் ஜிஎஸ்டி எண்ணோடு பில், ஊருக்குள் சர்வீஸ் சென்டர், பிராண்டிடமிருந்து அப்டேட் மூன்றும் சேர்ந்து வருகின்றன. தெரிந்த நிறுவனத்தின் டிவி ஸ்டிக் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. 1,299-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த அப்டேட்டுக்கான விலை என்று எடுத்துக்கொள்கிறேன்.

யார் எதற்கு

நான் போடும் கோடு இது: பொருள் வைஃபை பாஸ்வேர்டு கேட்குமா, கேட்காதா? கேட்காத ஒயர், ஸ்டாண்டு, கீபோர்டு, எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கலாம். கெட்டுப்போனால் இருநூறு ரூபாயோடு போகும். பென் டிரைவ், மெமரி கார்டு, பவர் பேங்க் மூன்றும் பெரிய தளத்தில், பிராண்டே நேரடியாக விற்கும் கடையில். வைஃபை கேட்கும் டிவி பாக்ஸ், கேமரா, ஸ்மார்ட் பிளக், குழந்தைகளுக்கான வாட்ச் எதுவானாலும் ஷோரூம், அல்லது ஷோரூமில் விற்கும் அதே மாடலைப் பெரிய தளத்தில். பெயர் தெரியாததை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (தனி வைஃபை) திறந்து அதில் தள்ளி வைக்கலாம். வீட்டிலுள்ள கணினியும் போனும் தப்பிக்கும்; ஐபி முகவரி மட்டும் அப்போதும் நம்முடையதுதான்.

விளம்பர லிங்க்குக்கு இந்தப் பட்டியலில் இடம் இல்லை.

காசு போய்விட்டால் இரண்டு எண்கள், இரண்டும் வேறு வேறு வேலைக்கு. போலித் தளத்தில் ஏமாந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, உடனே. பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்குள் நடுவில் முடக்க முடிந்தால்தான் உண்டு. மறுநாள் காலை பார்க்கலாம் என்று விட்டால் வாய்ப்பு தேய்ந்துவிடும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்ப, கேட்கலாம். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கி விதியைப் பலர் இங்கே மேற்கோள் காட்டுகிறார்கள். அது நம் அனுமதியில்லாமல் போன பணத்துக்கு. நாமே பின் போட்டு அனுப்பியதற்கு அது பொருந்தாது. நிஜமான நிறுவனம், நிஜமான கடை, ஆனால் பொருள் மோசம் என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே முதலில் கேட்பது பில்லைத்தான். ரிச்சி தெருவில் "பில் போட்டா ஒரு ரேட், போடாட்டி ஒரு ரேட்" என்று கேட்கும்போது, மிச்சமாகும் 18 சதவீதத்துக்கு ஈடாகக் கைவிடுவது அந்தக் காகிதத்தை.