ஓபிடி ஸ்கேனர் வாங்கலாமா? காரைக்குடில வருஷக்கணக்கா வச்சிருக்கவன் அனுபவம்

ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்குதே, தீப்பெட்டி சைஸ்ல ஒரு ப்ளூடூத் ஸ்கேனர், வண்டி தன் கோளாற தானே கண்டுபிடிச்சு வைக்கிற ஏற்பாட்ட (அதுக்கு பேரு தான் ஓபிடி) போன்ல படிச்சு காட்டுறது, அத வாங்குனா உண்மையிலேயே பிரயோஜனம் இருக்கா இல்ல சும்மா விளையாட்டு சாமானான்னு நம்ம பக்கத்து ஆளுங்க நெறைய பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன். வாங்கலாம். நான் கண்டிப்பா வாங்க சொல்லுவேன். ஆனா அது என்ன செய்யும் என்ன செய்யாதுன்னு தெரிஞ்சுட்டு வாங்குங்க, ஏன்னா இதுல வர்ற கோட (கோளாறுக்கு வண்டி கம்ப்யூட்டர் குடுக்குற நம்பர்) மட்டும் நம்பி சாமான் மாத்த ஆரம்பிச்சா காசு தான் போகும்.

வண்டி 2014 மாடல் பெட்ரோல், சின்ன கார், நாலு சிலிண்டர். கம்பெனி பேரு வேணாம், நான் சொல்லப்போறது எந்த கம்பெனி வண்டிக்கும் வயசானா வர்றது தான். ஸ்டியரிங்குக்கு கீழ முட்டிக்கு மேல கைய விட்டு தடவுனா 16 ஓட்டை இருக்குற ஒரு சாக்கெட் கைல தட்டுப்படும், அதுல இத சொருகிட்டு சாவிய ஆன் பண்ணி போன்ல ஆப்போட ஜோடி சேத்துட்டா அவ்வளவு தான் வேலை. நம்ம நாட்டுல 2010 ஏப்ரல்ல இருந்து ஓபிடி கட்டாயம் ஆச்சு, அடுத்த கட்டமான ஓபிடி ரெண்டு 2013 ஏப்ரல்ல வந்துச்சு, அதனால அதுக்கப்புறம் வந்த கார் எதுவா இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். அதுக்கு முந்தின வண்டின்னா வாங்குறதுக்கு முன்னாடி யாரு கிட்டயாச்சும் ஓசி வாங்கி சொருகி பாத்துருங்க.

முதல்ல கோட விட முக்கியமான விஷயம் ஒண்ணு. செக் இன்ஜின் லைட் எரிஞ்சா அது என்ன கோடுன்னு பாக்கத்தான் எல்லாரும் இத வாங்குறாங்க, ஆனா எனக்கு அதிகமா கை குடுத்தது லைவ் டேட்டா தான், அதாவது வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே இன்ஜின் சூடு எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவுன்னு நம்பரா ஓடும் பாருங்க அது. நெறைய சின்ன கார்ல இப்ப டெம்பரேச்சர் முள்ளே வைக்கிறதில்ல. நீல லைட் ஒண்ணு, செவப்பு லைட் ஒண்ணு. செவப்பு எரியும்போது ஏற்கெனவே லேட்டு.

ஒரு தைப்பூச சமயம், மதுரைக்கு அப்பாவ டாக்டர்கிட்ட காட்ட கூட்டிட்டு போறோம். பாதயாத்திரை கூட்டம் குன்றக்குடி தாண்டி பிள்ளையார்பட்டி ரோடு முழுக்க போய்க்கிட்டு இருக்கு, காவடியோட வர்றவங்க, கூடவே தண்ணி வண்டி சாப்பாட்டு வண்டி, அவங்க பின்னாடி நாமளும் ஊர்ந்து தான் போகணும். அதுக்கு முந்தின மாசமே வண்டி ரெண்டொரு தடவ செவப்பு லைட் காட்டியிருந்துச்சு, ஊர்ல ஒரு பட்டறைல காட்டுனதுக்கு பானட்ட தொறந்து பாத்த உடனே "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார், இன்ஜின் ஹெட்ட இறக்கணும்"னு (இன்ஜினோட மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு தான் ஹெட் கேஸ்கெட்) சொல்லி பெரிய தொகையா சொல்லிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஏன்னா கூலண்ட் ஒரு சொட்டு குறையல, ஆயில் மூடிய தொறந்தா உள்ள பால் கலந்த மாதிரி வெள்ளையா எதுவும் இல்ல, சைலன்சர்ல வெள்ளப் புகையும் இல்ல. கேஸ்கெட் போயிருந்தா பெரும்பாலும் இதுல ஒண்ணாவது தெரியும். அதனால அன்னைக்கு ஸ்கேனர சொருகி செல்போன வீட்டுக்காரம்மா கைல குடுத்து நம்பர சொல்லிட்டே வான்னு சொன்னேன். குன்றக்குடி வரைக்கும் நல்ல ஓட்டம், 90, 91, 90 டிகிரி தான். கூட்டத்துக்கு பின்னாடி ஊர ஆரம்பிச்சதும் 97, 101, 104ன்னு ஏறுது. கொஞ்சம் வழி கிடைச்சு மூணாவது கியர்ல போனா இறங்குது. திரும்ப நின்னா 107. அப்பவே பாதி புரிஞ்சு போச்சு, ஓடுறப்ப எதிர்காத்து ரேடியேட்டர ஆத்திருது, நின்னா ஆத்த வேண்டியது ஃபேன், அந்த ஃபேன் சுத்தல. ஏசிய போட்டு பாத்தேன், சாதாரணமா ஏசி போட்டா ஃபேன் ஓடியே ஆகணும், அப்பவும் சத்தம் இல்ல. ஏசிய அமத்திட்டு ஹீட்டர ஃபுல்லா திருப்பி நாலு கண்ணாடியும் இறக்கி விட்டுட்டு (இன்ஜின் சூட்ட கொஞ்சம் வெளிய இழுத்துரும், உள்ள இருக்கவங்களுக்கு கஷ்டம் தான், ஆனா வண்டி தப்பிக்கும்) ஒரு புளியமரத்தடில ஓரங்கட்டிட்டோம். சூட்டோட ரேடியேட்டர் மூடிய மட்டும் யாரும் தொறந்துராதீங்க, கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும்.

ஆறுனதுக்கு அப்புறம் திருப்பத்தூர் வரைக்கும் நிக்காம போய் அங்க ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைல விட்டேன். அண்ணே, நின்னா 107 போகுது, ஓடுனா 90, ஏசி போட்டாலும் ஃபேன் வரலன்னேன். அவரு வேற எதையும் தொடல. நேரா ஃபியூஸ் பாக்ஸ தொறந்தாரு, மூடிக்கு பின்னாடி இருக்குற படத்த பாத்து ஃபேன் ரிலேய (ஃபேனுக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) புடுங்கி அது மேல எழுதியிருந்த நம்பர பாத்தாரு, அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலேய பக்கத்துல இருந்து எடுத்து அந்த இடத்துல சொருகுனாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டதும் ஃபேன் குப்புன்னு சுத்துச்சு. பழைய ரிலேய வெயில்ல காட்டுனாரு, ஒரு கால் பழுப்பேறி பிளாஸ்டிக் லேசா உருகி இருந்துச்சு. புது ரிலே போட்டு காசு வாங்குனது ரொம்ப சொற்பம். இன்னைக்கு வரைக்கும் ஹெட்ட யாரும் இறக்கல. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா இவ்வளவுக்கும் ஸ்கேனர்ல ஒரு கோடும் வரல. கோடு இல்லன்னா வண்டில கோளாறு இல்லன்னு நினைச்சுறாதீங்க.

அந்த பட்டறைக்காரர கெட்டவருன்னு சொல்ல வரல. நம்ம ஊர்ல முக்காவாசி மெக்கானிக்குங்க காதுலயும் கைலயும் வேலை பழகுனவங்க, கார்புரேட்டர் வண்டிய கண்ண மூடிக்கிட்டு பிரிச்சு மாட்டிருவாங்க, ஆனா நாம போய் வண்டி சூடாகுது பாத்து செய்ங்கண்ணேன்னு மட்டும் சொன்னா அவரு எதத்தான் பாப்பாரு? எப்ப சூடாகுது, நின்னா ஆகுதா ஓடுனா ஆகுதா, ஏசி போட்டா மாறுதா, இத நாம தான் சொல்லணும். ஸ்கேனர் எனக்கு சொல்லிக்குடுத்தது இது தான்.

கோடு வந்த கதை ஒண்ணு. திருச்சில இருந்து வர்றப்ப திருமயம் தாண்டி வண்டி நடுங்க ஆரம்பிச்சிருச்சு, செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுது. லைட் நின்னு எரிஞ்சா மெதுவா வந்து காட்டிக்கலாம், மின்னுச்சுன்னா மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாதது) கடுமையா இருக்கு, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர காலி பண்ணிரும், அதுக்கு வெல ரொம்ப அதிகம், ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துருங்க. கோடு பி0302. இத படிக்கிறது சுலபம், பி03ன்னு ஆரம்பிக்கிற வரிசை இக்னிஷன், மிஸ்ஃபயர் சம்பந்தப்பட்டது, அதுல பி0301, 0302ன்னு வர்றதுல கடைசி நம்பர் சிலிண்டர், ஆக ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியல. மறுநாள் காமிச்ச இடத்துல நாலு பிளக், நாலு காயில் (பிளக்குக்கு தீப்பொறி கரண்ட் குடுக்குறது), இன்ஜெக்டர் (பெட்ரோல தெளிக்கிறது) கிளீனிங்னு எஸ்டிமேட் எழுதிட்டாங்க. நான் எனக்கு தெரிஞ்ச கழனிவாசல் மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போய், ரெண்டாவது காயில கழட்டி நாலாவதுல மாட்டி நாலாவது காயில ரெண்டாவதுல மாட்டுங்கண்ணே, அப்புறம் பாப்போம்னேன். மாட்டி, கோட அழிச்சு, செக்காலை ரோடு பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம். இப்ப கோடு பி0304. காயில் போன இடத்துக்கே கோளாறும் போயிருச்சு, அப்ப காயில் தான். கோடு இடம் மாறாம 0302லயே நின்னிருந்தா அடுத்து பிளக்க மாத்தி பாக்கணும், அதுவும் இல்லன்னா தான் இன்ஜெக்டர். ஒரே ஒரு காயில், மதுரைல ஸ்பேர்ஸ் கடைல சொல்லி பஸ்ல போட்டு விட்டாங்க, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல போய் வாங்கிட்டு வந்து மாட்டியாச்சு. அண்ணனுக்கே இந்த மாத்தி மாட்டுற வேலை ரொம்ப புடிச்சு போச்சு, இப்ப எல்லா வண்டிக்கும் செய்றாரு.

கோடு சாமான் பேர சொல்லாது, இடத்த தான் காட்டும். இத எத்தன தடவ சொன்னாலும் தகும். கானாடுகாத்தான்ல எங்க பெரியப்பா வீடு, முகப்பு ஒரு தெருவுல பின்கட்டு அடுத்த தெருவுல, ஆளு இருக்கிறது என்னமோ ரெண்டே பேர், வண்டி மாசக்கணக்கா கொட்டகைல நிக்கும். பொங்கலுக்கு எடுக்க போனா செக் இன்ஜின் லைட், கோடு பி0113. அதுக்கு அர்த்தம் உள்ள போற காத்தோட சூட்ட அளக்குற சென்சார் சர்க்யூட்ல வோல்டேஜ் அதிகம்னு. பாத்தவங்க சென்சார் போயிருச்சு, ஆர்டர் போடலாம்னு சொல்லி முடிச்சுட்டாங்க. நான் லைவ் டேட்டால காத்து சூட்ட பாத்தேன், மைனஸ் 40 டிகிரின்னு நிக்குது. கானாடுகாத்தான்ல எந்த காலத்துல மைனஸ் 40? அந்த நம்பர் வந்தாலே பெரும்பாலும் வயரு எங்கயோ துண்டா அறுந்து கிடக்கு, இல்ல கனெக்டர் கழண்டு கிடக்குன்னு அர்த்தம். ஏர் ஃபில்டர் பக்கத்துல டார்ச் அடிச்சா எலி கடிச்ச வயரு, செம்பு பளபளன்னு தெரியுது, பக்கத்துலயே கூடு கட்டுறதுக்கு கொண்டு வந்த தேங்கா நாரு. வயர ஒட்டி டேப் சுத்துனதும் 31 டிகிரி காட்டுச்சு. புது சென்சார் வாங்கி மாட்டியிருந்தாலும் மைனஸ் 40 தான் காட்டியிருக்கும்.

கோட அழிக்கிற பட்டன் பக்கம் அவசரப்பட்டு போகாதீங்க. கோடு விழுந்த நேரத்துல வண்டி எந்த ஸ்பீடுல போச்சு, எவ்வளவு சூடு, இன்ஜின் சுத்துற வேகம் (ஆர்பிஎம்) எவ்வளவுன்னு ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒண்ணு சேத்து வச்சிருக்கும், அழிச்சா அதுவும் போயிரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு அப்புறம் அழிங்க. லைட் அணைஞ்சது ரிப்பேர் ஆனதுக்கு சாட்சி கிடையாது.

வோல்டேஜ் விஷயம் எனக்கு சொல்லிக்குடுத்தது நம்ம ஊர் சிக்ரில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை பாத்து ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு சார். ராத்திரி முழுக்க நின்ன வண்டில 12.6 வோல்ட் இருந்தா பேட்டரி நிறைஞ்சிருக்கு, 12.2 வந்துட்டா பாதி தான், 12க்கு கீழ போனா அது காலி. இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4 பக்கம் இருக்கணும். தேவகோட்டைல சித்தப்பா பையன் காலைல வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு புது பேட்டரி வாங்க கிளம்பிட்டான், இருடா தம்பின்னு தள்ளி ஸ்டார்ட் பண்ண வச்சு ஸ்கேனர சொருகி பாத்தா இன்ஜின் ஓடும்போதே 12.1. ஆல்டர்னேட்டர் சார்ஜே பண்ணல. கார்பன் பிரஷ் தேஞ்சு போயிருந்துச்சு, அத மாத்துனாங்க, அதே பேட்டரி தான் இன்னும் ஓடுது. மலிவு ஸ்கேனர் வோல்டேஜ்ல கொஞ்சம் முன்ன பின்ன காட்டும், ஒரு தடவ மல்டிமீட்டரோட ஒத்து பாத்து வச்சுக்கங்க. இப்ப வர்ற சில புது வண்டில ஆல்டர்னேட்டர் தானா கூட்டிக் குறைக்கும், அதுக்கு இந்த கணக்கு அப்படியே பொருந்தாது.

செய்யாததும் நெறைய இருக்கு. கீழ லொடலொடன்னு சத்தம் வருதா, லிங்க் ராடா லோயர் ஆர்ம் புஷ்ஷா, ஸ்கேனர் வாயே தொறக்காது, வண்டிய ஜாக்கில தூக்கி ஆட்டி தான் பாக்கணும். பிரேக் பேட் தேய்மானம், கிளட்ச் வழுக்குறது, ஏசி கேஸ் கசியுறது எதுவும் தெரியாது. நம்ம செம்மண் புழுதில ஏர் ஃபில்டர் செங்கல் கலர்ல ஆகிருது, அதுவும் கண்ணால பாக்குறது தான். ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட் எரிஞ்சா இந்த மலிவு மெஷினும் சாதாரண ஆப்பும் பெரும்பாலும் படிக்காது, அதுக்கு சர்வீஸ் சென்டர் ஸ்கேனர் தான், அந்த ரெண்டு லைட்டயும் தள்ளிப் போடாதீங்க. ரேடியேட்டர்ல குழாத்தண்ணி ஊத்துற பழக்கமும் இது சொல்லி திருந்தாது, உள்ள உப்பும் துருவும் படிஞ்சு அடைச்சதுக்கு அப்புறம் தான் நம்பர் ஏறும், கூலண்ட் தான் ஊத்தணும்.

வாங்குறப்ப ஒண்ணு ரெண்டு. ஐபோன் வச்சிருக்கவங்க பழைய ப்ளூடூத் மாடல் வாங்கிறாதீங்க, சேராது, வைஃபை மாடல் இல்லன்னா ப்ளூடூத் எல்இன்னு போட்டிருக்கத வாங்கணும். ஆண்ட்ராய்டுக்கு எது வேணா ஓகே. ரொம்ப மலிவா வர்றதுல டூப்ளிகேட் சிப் தான் இருக்கு, சில வண்டியோட பேசவே பேசாது, அதனால திருப்பி அனுப்புற வசதி இருக்குற இடத்துல வாங்கி ரெண்டு நாள்ல சொருகி பாத்துருங்க. சொருகியே விட்றாதீங்க, வண்டி ஆஃப்ல இருந்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் இழுத்துக்கிட்டே இருக்கும். தினமும் ஓட்டுற வண்டிக்கு பெருசா தெரியாது, ஆனா சென்னைலயோ சிங்கப்பூர்லயோ இருந்துக்கிட்டு கோட்டையூர், பள்ளத்தூர்னு ஊர்ல வண்டிய நிறுத்தி வச்சிருக்கவங்க கழட்டி டேஷ்போர்டுல போட்டுட்டு போங்க, வீட்டப் பாத்துக்கிறவர்கிட்டயும் சொல்லி வைங்க, வாரத்துக்கு ஒரு தடவ அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைச்சா பேட்டரி ஏறாது, காரைக்குடி வரைக்கும் ஒரு தடவ ஓட்டிட்டு வரச் சொல்லுங்க.