ரெம்பிரான்டின் ‘யூரோப்பா’: யாழ்ப்பாணத்தில் அடித்த கன்வஸ் பிரதி எப்படி?

யாழ் நகரப் பிறேம் கடையொன்றில் 24க்கு 30 அங்குலத்தில் அடித்துச் சட்டம் போட்ட பிரதி இது. மூலம் ஒல்லாந்த ஓவியர் ரெம்பிரான்ட் 1632இல் தீட்டியது, இப்போது லொஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி நூதனசாலையில் இருக்கிறது. காளையாக வந்த கிரேக்கக் கடவுள் சீயஸ், இளவரசி யூரோப்பாவைக் கடலுக்குள் கொண்டுபோகிறான். அவள் கொம்பைப் பிடித்தபடி கரையைத் திரும்பிப் பார்க்கிறாள்.

காளையின் வெள்ளையும் அவளுடைய உடுப்பும் நன்றாக விழுந்திருக்கின்றன. வலப்பக்க மரக்கூட்டம்தான் போச்சு. மூலத்தில் அந்த இருட்டுக்குள் இலை, கிளை எல்லாம் தெரியும். இங்கே ஒரே கரிப்பூச்சு. கணினித் திரை பின்னாலிருந்து ஒளி விடும், கன்வஸ் விடாது. இருண்ட பகுதியைச் சற்று வெளிக்கவைத்து, மரம் வரும் இடத்தில் நாலு அங்குலத் துண்டொன்றை முதலில் அடிக்கச் சொல்லுங்கள். அதைக் கடை லைட்டில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

மூலத்தின் அளவு 64.6க்கு 78.7 செ.மீ. 24 அங்குல உயரத்துக்கு அகலம் 29¼தான் வரும். அதை 30 ஆக்கப் போய் உயரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். படத்துக்கு அளவாகப் பிறேம் செய்விப்பதே சரி.

பெரிய குறை கன்வஸ்தான். “ஒரிஜினல் மாதிரி இருக்கும்” என்று விற்கிறார்கள். ஒரிஜினலோ ஓக் பலகையில் தீட்டியது. கரையில் பதறும் தோழிகளின் முகம் விரல் நகமளவு. துணியின் நெசவு அதைத் தின்றுவிட்டது. மினுக்கமில்லாத வழுவழுப்பான கடதாசியே இந்தப் படத்துக்குப் பொருத்தம்.

கடதாசியென்றால் கண்ணாடி வேண்டும். இரண்டுக்கும் நடுவில், படம் தெரிய உள்ளே வெட்டிய மவுண்ட் அட்டை கட்டாயம். இல்லாவிட்டால் கார்த்திகை மழையில் ஈரம் பிடித்துப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிடும், பிறகு கழற்றினால் மை உரியும்.

கெட்டியின் தளத்தில் படம் இலவசம். 30 அங்குலத்துக்கு அகலவாக்கில் 4500 பிக்சலாவது வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், பென் ட்ரைவில் கொடுங்கள்.

இந்தப் பிரதியில் கன்வஸைச் சட்டத்தில் இழுத்து அடித்த வேலை சுத்தம், மூலைகளில் சுருக்கமில்லை. பின்பலகையைத்தான் சுவரோடு ஒட்டவிட்டிருக்கிறார்கள். கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றுப் போகும், கறையான் ஏறினாலும் நேரத்தோடு கண்ணில் படும்.