பாட்டன் நகரில் புத்தர் சிலை வாங்கிய கதை

காத்மாண்டு போகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் கூடும் தமேல் கடைத்தெருவில் அவசரப்பட்டுச் சிலை வாங்கிவிடாதீர்கள், டாக்சி பிடித்துப் பக்கத்திலுள்ள பாட்டன் (லலித்பூர்) நகருக்குப் போங்கள். மகாபௌத்த கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில், தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகச் செய்யும் சாக்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. நான் வாங்கியது அப்படி ஒரு சின்னக் கடையில்: எட்டு அங்குலச் செம்புச் சிலை, நேபாளப் பணத்தில் 38,000, நம் கணக்கில் 24,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

கடைக்காரர் முதலில் இரண்டு சிலைகளைப் பக்கத்தில் வைத்து, "கையைப் பாருங்கள்" என்றார். இரண்டுமே பூமிஸ்பரிச முத்திரை. உன் ஞானத்துக்கு யார் சாட்சி என்று, தவத்தைக் கலைக்க வந்த மாரன் கேட்டபோது புத்தர் நிலத்தைத் தொட்டுப் பூமியையே சாட்சிக்கு அழைத்தாரே, அந்தக் கணம். மலிவான சிலையில் விரல்கள் ஐந்தும் சீப்புப் பல் மாதிரி ஒரே நீளம், பீடத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கின்றன. மற்றதில் நடுவிரல் நுனி மட்டும் தாமரை இதழில் பட்டும் படாமலும் இருக்கிறது, நகம்கூடத் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகு மலிவானதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. காது மடல் தொங்குவதும் சும்மா இல்லை, இளவரசராக இருந்தபோது போட்ட கனத்த குண்டலங்களின் அடையாளம். இப்போது குண்டலம் இல்லை, துளை மட்டும் இருக்கிறது.

சுவாமிமலை போலவே இங்கும் மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சுட்டு, மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆனால் அங்கே கனமாக வார்ப்பார்கள், இங்கே உள்ளே கூடு. செம்பை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி என்று நினைத்துக் கேட்டேவிட்டேன். அவர் சிலையைக் கவிழ்த்துக் காட்டினார். மந்திரம் எழுதிய சுருள்களை உள்ளே நிரப்பி, பூஜை செய்து, அடியில் செம்புத் தகடு வைத்து மூடுவார்களாம். அதுவரை அது வெறும் சிலைதான். எனக்குத் தகட்டைத் தனியாகச் சுற்றிக் கொடுத்தார்.

முழுத் தங்க முலாம் பூசியதும் இருந்தது, நான் எடுக்கவில்லை. பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி நெருப்பில் காட்டுவார்கள், அந்தப் புகையைச் சுவாசிப்பது வேலை செய்கிறவர்தானே. முகத்தில் மட்டும் பொன்பொடியைப் பசையில் கலந்து தீட்டியதை வாங்கினேன். மினுக்காமல், மஞ்சள் பூசிக் குளித்த முகம் மாதிரி இருக்கிறது.

குறை என்றால், முதுகுப் பக்கம் சீவர (துறவாடை) மடிப்புகளில் உளி வேலை அவசரமாக முடிந்திருக்கிறது. இடது முழங்கையில் ஒட்டுப் போட்ட கோடும் தெரிகிறது. இதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், கடையிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் வாங்கும்போது வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகளை நேபாளத்திலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. புதிய சிலைதான் என்று தொல்லியல் துறையில் சான்றும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைக்காரரே வாங்கித் தந்தார், ஆனால் ஒரு நாள் ஆனது. ஊருக்குக் கிளம்பும் நாளன்று கடைக்குப் போகாதீர்கள்.